லட்சுமி வந்த வயல்

தொண்ணூற்றொன்றாம் வருஷத்துச் சம்பாவில் எங்கள் வயலுக்கு லட்சுமி வந்தாள். என் மாமியார் அப்படித்தான் சொன்னார். கதிர்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாக, நெல் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் உருண்டைகள் புடைத்திருந்தன. தொட்டால் விரலெல்லாம் மஞ்சள். விளைச்சல் கொழிக்கிற வருஷத்தில்தான் அது வரும் என்று பிள்ளைப்பாக்கம் பக்கமெல்லாம் பேச்சு. பெயரே லட்சுமி நோய். நோய்க்கு லட்சுமி என்று பெயர் வைக்க நம்மால்தான் முடியும்.

மாமியார் இரண்டு கதிரை ஒடித்து வந்து வாசல் நிலையில் கட்டிக் குங்குமம் வைத்தார்.

அந்த விளைச்சலை நம்பித்தான் என் வீட்டுக்காரர் இருந்தார். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். “அறுப்பு முடியட்டும்” என்று இழுத்துக்கொண்டிருந்தார். சம்பா கைகொடுத்தால் போகப்போவதில்லை. கண்டவன் காருக்கெல்லாம் கேட்டைத் திறந்து சலாம் போட அவருக்கு மனசில்லை. எனக்கோ வயல் அலுத்துப்போயிருந்தது. நட்டும் களை பறித்தும் இடுப்பு விட்டுப்போயிருந்தது. போய்த்தான் தொலையுங்களேன் என்று வாய் வரை வரும். அவர் வரப்பில் நின்று பயிரைப் பார்க்கிற பார்வையைக் கண்டால் அடங்கிவிடும்.

கார்த்திகைக் கடைசியில் வேளாண்மை ஆபீசர் வந்தார். மஞ்சள் உருண்டையைப் பார்த்ததும், “இது பூஞ்சைம்மா. இந்தக் கதிரையெல்லாம் கிள்ளிக் கொளுத்திடுங்க. இல்லாட்டி அடுத்த பயிருக்கும் வரும்” என்றார்.

“இன்னா சார் சொல்ற? வூடு தேடி வந்தவள கொளுத்தச் சொல்றியே” என்றார் மாமியார்.

ஆபீசர் வாதாடவில்லை. குனிந்து வேறொரு பயிரின் தண்டைப் பிடித்து, கதிரைச் சுற்றியிருந்த உறையை உரித்தார். உள்ளே பழுப்பேறி அழுகியிருந்தது. பாதிக் கதிர் வெளியே வர முடியாமல் அதற்குள்ளேயே சிக்கிக் கிடந்தது. லென்ஸை எங்களிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். உறையின் உள்பக்கம் நிறமே இல்லாமல் என்னவோ ஊர்ந்தன. சிலந்திப் பேனாம். அது சாறு உறிஞ்சிய இடத்தில் வேறொரு பூஞ்சை ஏறுமாம். நெல் பால் பிடிக்காமல் பதராகிவிடுமாம்.

“மருந்து எதுனா கீதா சார்?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

“கதிர் வந்தாச்சே. இனிமே அடிச்சுப் பிரயோஜனம் இல்ல.”

மஞ்சளைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த நாங்கள் ஒரு தண்டையாவது உரித்துப் பார்க்கவில்லை. ஆபீசர் போனபிறகு என் வீட்டுக்காரர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். “மாடு பூந்தா முடுக்கலாம். இத இன்னா பண்றது, சொல்லு” என்றார்.

தையில் அறுத்தோம். களத்தில் முறத்தைச் சாய்க்கச் சாய்க்கப் பதர்தான் பறந்தது. மஞ்சள் உருண்டைகள் அதற்குள் கறுத்துவிட்டிருந்தன. அந்தத் தூள் மூன்று பேர் தலையிலும் படிந்தது.

அடுத்த வாரம் அவர் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டார். சட்டைக் கை அவருக்கு நீளமாக இருந்தது.

“இன்னாம்மா, நல்லாக்கீதா?” என்று தாயாரைக் கேட்டார்.

மாமியார் தலையை ஆட்டினார். சைக்கிள் தெரு முனை திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு, வாசல் நிலையில் கட்டியிருந்த கதிர்களை அவிழ்த்தார். அடுப்பில் ரேஷன் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. கதிர்களை அடியில் தள்ளினார்.

“நீயும் எரிஞ்சி போடி” என்றார்.