ஆம்ப்ளிஃபயரில் குறை

அந்த வருஷம் அப்பா இரண்டு காரியங்களை முடித்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். ஒன்று, கூடத்தில் நிற்கும் ஸ்பீக்கர்களுக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயர். இன்னொன்று, தன் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, ஏற்ற வரன். இரண்டுக்கும் தசராதான் கெடு. முதல் காரியத்துக்கு ஆனியிலிருந்து புரட்டாசி வரை பிடித்தது. இரண்டாவது ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிட்டது.

ஸ்பீக்கர்கள் என் மாமாவுடையவை. லண்டனில் சர்க்கார் வேலையில் இருந்துவிட்டு டெல்லிக்கு மாற்றலாகி வந்தவர், அங்கே கிடைத்த குவார்ட்டர்ஸில் இவற்றை வைக்க இடமில்லை என்று மைசூருக்கு ரயிலில் ஏற்றிவிட்டார். தசராவுக்கு வரும்போது பாட்டுக் கேட்க வேண்டும் என்று உத்தரவு வேறு. பெட்டியைப் பிரித்ததும் அம்மாவுக்கு ஏமாற்றம். ஸ்பீக்கர் என்றால் ஒரு மரப்பெட்டி, உள்ளே கூம்பு மாதிரி ஒரு காகிதம் என்றுதான் எங்களுக்குத் தெரியும். இவையோ வெண்கல நிறச் சல்லடை போர்த்திய இரண்டு தட்டிகள். உள்ளே கூம்பும் கிடையாது, காந்தமும் கிடையாது. இருப்பதெல்லாம் அப்பளத்தைவிட மெல்லிசான ஒரு பிளாஸ்டிக் தாள். அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறி நிற்கும், அந்தத் தாளே நடுங்கிப் பாடும் என்று அப்பா பால்காரர் வரை எல்லோருக்கும் விளக்கினார். அப்பா கல்லூரியில் கணக்கு வாத்தியார். விளக்குவதற்கு ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

தட்டிகள் லேசில் மசியவில்லை. முதலில் எங்கள் வீட்டு ரேடியோவை அவற்றோடு முடிச்சுப் போட்டுப் பார்த்தார். யாரோ போர்வைக்குள் புகுந்துகொண்டு பாடுவது போலக் கேட்டது. அடுத்து, கல்யாணங்களுக்கு மைக் செட் வைப்பவரைப் பிடித்து அவருடைய ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவரச் சொன்னார். சத்தம் வந்தது, கூடவே ஒரு சீறலும் வந்தது. எதிர்வீட்டு மாமி ஓடி வந்து முகூர்த்தம் எப்போது என்று கேட்டாள். இன்னும் வரனே அமையவில்லை, அதற்குள் மைக் செட் வந்துவிட்டது என்றாள் அம்மா. மூன்றாவதாக, பெங்களூரில் இருந்த ஒரு சிநேகிதரின் சீமை ஆம்ப்ளிஃபயர் இரவலாக வந்தது. ஒரு பாட்டு முடிவதற்குள் அது சூடேறிக் கருகல் வாசனையோடு நின்றுபோனது. அதைத் திருப்பிக் கொடுக்க அப்பா தானே பெங்களூர் போய்விட்டு வந்தார்.

அதற்குப் பிறகு அவர் இங்கிலீஷ் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு படித்தார். சத்தம் முக்கியமில்லை என்று கண்டுபிடித்தார். இந்த ஸ்பீக்கர் கீழ் ஸ்தாயியில் சாதுவாக இருக்குமாம். சுருதி மேலே போகப் போக ஆம்ப்ளிஃபயரிடமிருந்து பிடுங்க ஆரம்பித்துவிடுமாம். எவ்வளவு பிடுங்கினாலும் கொடுக்க வேண்டும், பதறவும் கூடாது, அப்படிப்பட்ட ஆம்ப்ளிஃபயர்தான் வேண்டும் என்றார். அப்படி ஒருத்தி கிடைத்தால் மாட்டுப்பெண்ணாகவே பண்ணிக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னாள்.

அப்போதுதான் அவர் வந்தார். மின்சார இலாகாவில் இன்ஜினீயர். வாலிபர். ஓய்வு நேரத்தில் தன் அறையிலேயே ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர் என்று அப்பாவோடு வேலை பார்க்கும் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்ததும், சைக்கிள் கேரியரில் சாக்கைப் போட்டுக் கட்டி ஒரு கனமான சாமானைக் கொண்டுவந்தார். அவரும் அப்பாவும் வெகுநேரம் கன்னடத்திலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்க்ரூடிரைவர் நழுவிக் கையில் குத்தியபோது அவர் தன்னை மறந்து தமிழில் ஏதோ சொன்னார். நீங்கள் தமிழா என்று அப்பா ஆச்சரியப்பட்டார்.

"ஆமாங்க. ஹனூர்ப் பக்கம், மார்டள்ளிங்க" என்றார் அவர். தமிழர்கள் நிறைந்த எல்லையோரக் கிராமம் அது. வீட்டில் விவசாயம்.

எங்கள் வீட்டுத் தமிழும் அவர் தமிழும் ஒரே பாஷை என்று நம்புவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு பேச்சையும் அவர் 'ங்க' போட்டு முடிப்பது எனக்கு வேடிக்கை. 'பண்ணிண்டு, வந்துண்டு' என்று நான் சொல்வது அவருக்கு வேடிக்கை. அம்மா அவருக்குக் காப்பி கொடுத்தாள். அவருக்கென்று ஒரு கண்ணாடி டம்ளர் ஜன்னல் விளிம்பில் தனியாக இருந்தது. குடித்த பிறகு அவரே குழாயடியில் அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். அது அவருக்கும் தெரிந்த வழக்கம்தான், யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் ஆம்ப்ளிஃபயரை மாட்டி வீணை இசைத்தட்டு ஒன்றை வைத்தார். தந்தியை விரல் தொடுவதுகூடக் கேட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் வாசிப்பு மேல் ஸ்தாயிக்கு ஏறியதும், எண்ணெயில் கடுகு போட்டாற்போல் ஸ்பீக்கர் படபடவென்று பொரிந்தது.

அப்பாவுக்குக் கணக்கு வருமே தவிரக் காது கிடையாது. அதை அவரே ஒப்புக்கொள்வார். காது அத்தையுடையது. பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் வீணை கற்றுக்கொண்டிருந்தாள். தெருவில் போகும்போதே எந்த வீட்டு வீணையில் எந்தத் தந்தி இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஆனால் கல்யாணமாக வேண்டிய பெண், வெளி ஆள் எதிரில் கூடத்துக்கு வருவது எங்கள் வீட்டில் இல்லை. அவள் உள்ளே, ஒருக்களித்த கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்பாள். அவள் அபிப்பிராயத்தைக் கேட்டு வந்து சொல்வது என் வேலை. எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ. அந்தப் பதவியில் எனக்கு மிகுந்த பெருமை.

மேலே போனால் பொரிகிறது, மற்றபடி குறை இல்லை என்று அத்தை சொல்லி அனுப்பினாள். அவர் அதை ஒப்புக்கொண்டு, உள்ளே விளக்குப் போல எரியும் வால்வுகளில் ஒன்றை மாற்றிப் பார்க்கிறேன் என்று ஆம்ப்ளிஃபயரைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனார். அடுத்த சனிக்கிழமை கொண்டுவந்து மாட்டினார். மறுபடி பொரிந்தது.

இந்த முறை அவர் ஸ்பீக்கரின் மின்சாரத்தை நிறுத்தி, கொஞ்ச நேரம் காத்திருந்து, பின்பக்கத்தைக் கழற்றினார். வெள்ளைக் கைக்குட்டையால் உள்ளே மெல்லத் துடைத்தார். கைக்குட்டை பழுப்பாக வந்தது. அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். ஒருக்களித்த கதவின் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, கைக்குட்டையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்பா என்ன கோளாறு என்று கேட்டார். ஆம்ப்ளிஃபயரில் கம்பிச்சுருள் ஒன்றைத் திரும்பச் சுற்ற வேண்டியிருக்கும், வருகிற சனிக்கிழமை கொண்டுவருகிறேன் என்றார்.

அவர் போன பிறகு இதையெல்லாம் அத்தையிடம் நடித்துக் காட்டினேன். அவளுக்கு முதலில் புரியவில்லை.

"மோந்து பாத்தாரா? என்ன வாசனைன்னு சொன்னாரா?"

சொல்லவில்லை, ஆனால் கைக்குட்டையில் அத்தையின் தலை வாசனை அடித்தது என்றேன். அத்தை, அவர் கைக்குட்டையை என்ன செய்தார் என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அப்புறம் சிரித்தாள்.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை அத்தை எண்ணெய் ஸ்நானம் செய்வாள். தணல் சட்டியில் சாம்பிராணி போட்டு, மேலே கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் கூந்தலைப் பரப்பி உலர்த்துவாள். வழக்கமாகப் பின்கட்டு அறையில்தான். அந்த ஆனியில் விடாத மழை. பின்கட்டு முழுக்க ஈரத்துணி தொங்கியது. அதனால் கூடைக்குக் கூடத்துக்கு இடமாற்றம். அந்த ஸ்பீக்கர்களின் மின்சாரத்தை அணைக்கவே கூடாது என்று மாமா எழுதியிருந்தார். மின்சாரம் ஏறிய தாள் காற்றிலிருக்கும் புகையையெல்லாம் தன்பால் இழுத்துக்கொண்டது. வேறு எந்த வீட்டிலும் அதற்கு அந்தக் கதி நேர்ந்திருக்காது. லண்டனில் அதைச் செய்தவர்கள் சாம்பிராணிக் கூடையைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மழை விட்டு நல்ல வெயில். பின்கட்டு காய்ந்து கிடந்தது. ஆனாலும் கூடை கூடத்துக்குத்தான் வந்தது. அம்மா ஏனென்று கேட்டதற்கு, கூடத்தில்தான் காற்று வருகிறது என்றாள் அத்தை. சாம்பிராணியும் அன்று கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது.

சனிக்கிழமை பொரிந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு பின்பக்கத்தைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகு மறுபடி போட்டுக் காட்ட மாட்டார். ஆம்ப்ளிஃபயரில் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்பாவுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. இவ்வளவு பொறுமையான இன்ஜினீயரைப் பார்த்ததில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆடியும் ஆவணியும் இப்படியே போயின. எனக்கு நடை அதிகமாகிவிட்டது. முதலில் குறையை மட்டும் கொண்டுபோனேன். பிறகு அவரிடமிருந்து கேள்விகள் வரத் தொடங்கின. எந்த இடத்தில் பொரிகிறது, பல்லவியிலா அதற்கு முன்பா என்று கேட்பார். நான் உள்ளே ஓடுவேன். அத்தை பதில் சொல்லிவிட்டு, அவர் சங்கீதம் கற்றவரா என்று கேட்கச் சொல்வாள். நான் வெளியே ஓடுவேன். கற்கவில்லை, மைசூருக்குப் படிக்க வந்த பிறகு சபா வாசலில் நின்று கேட்டதுதான் என்பார். ஒரு சனிக்கிழமை, எந்த ராகத்தை வைத்துச் சோதிக்கலாம் என்று உள்ளே கேட்டு வரச் சொன்னார். சஹானா என்று பதில் போயிற்று. அடுத்த வாரம் எங்கிருந்தோ சஹானா இசைத்தட்டு ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். அது இரண்டு பக்கமும் ஓடி முடியும்வரை உள்ளேயிருந்து எந்தக் குறையும் வரவில்லை. பொரிவது மட்டும் எப்போதும்போல் நன்றாகப் பொரிந்தது. அப்பா அன்று சிடுசிடுத்தார். மாமா வருவதற்குள் ஆகுமா ஆகாதா என்று கேட்டார். ஆகிவிடுமுங்க என்றார் அவர்.

மாமா சொன்னதற்கு ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டார். தனியாக வரவில்லை. டெல்லியில் தன் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவரையும் அவருடைய அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். எங்களைப் போலவே அவர்களுக்கும் பூர்வீகம் மேல்கோட்டைதான். ஜாதகம் முன்பே பொருந்தியிருந்தது. புதன்கிழமை சாயங்காலம் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அத்தை நமஸ்காரம் செய்தாள், ஒரு கீர்த்தனை வாசித்தாள். இருட்டுவதற்குள் தாம்பூலம் மாற்றியாயிற்று. தை மாதம் கல்யாணம் என்றார்கள். ஆம்ப்ளிஃபயரைப் பற்றி அத்தை என்ன நினைக்கிறாள் என்று கேட்டு வர ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னை உள்ளே அனுப்பிய அப்பா, அன்றைக்கு அனுப்பவில்லை. கூப்பிடுவார் என்று நான் கதவருகிலேயே நின்றிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அத்தை எண்ணெய் ஸ்நானம் செய்துவிட்டுக் கூந்தலைக் கிணற்றடி வெயிலில் உலர்த்தினாள். சாம்பிராணி வேண்டாமா என்று அம்மா கேட்டாள். தலை வலிக்கிறது என்றாள். கூடத்துக்கு வந்து ஸ்பீக்கர்களின்மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்திவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மாமா விருந்தாளிகளை அரண்மனை காட்ட அழைத்துப் போயிருந்தார். அவர்கள் திரும்பி வரும்போது பாட்டு ஓட வேண்டும் என்று அப்பாவுக்கு ஒரே அவசரம். இன்ஜினீயர் வந்ததும் வராததுமாக அவரிடம், தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, இதையும் இன்று முடித்துவிடுங்கள் என்றார். அவர் சந்தோஷமுங்க என்றார். குனிந்து சாக்கின் முடிச்சை அவிழ்த்தார். அன்றைக்கு அது அவிழ நேரமாயிற்று.

சஹானாவைத்தான் வைத்தார். வீணை மேல் ஸ்தாயிக்கு ஏறியது, நின்றது, இன்னும் மேலே போயிற்று. பொரியவே இல்லை. அத்தனை சுத்தமாக ஒரு வாத்தியத்தை நான் அதற்குப் பிறகும் கேட்டதில்லை. அப்பா கை தட்டினார். அவர் மட்டும் தட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்பக்கத்தைக் கழற்றவில்லை. கைக்குட்டையை வெளியே எடுக்கவில்லை.

நான் சொல்லாமலே உள்ளே ஓடினேன். அத்தை எப்போதும் உட்காரும் இடத்தில்தான் இருந்தாள். பொரியவில்லை, கேட்டாயா என்றேன். கேட்டேன் என்றாள். வெளியே என்ன சொல்லட்டும் என்று கேட்டேன்.

"அவரோட ஆம்ப்ளிஃபயர்ல மொதல் நாள்லேர்ந்தே ஒரு கொறையும் இல்லைன்னு சொல்லு" என்றாள்.

கூடத்துக்கு வந்து ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தேன். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்போ இத்தனை மாசமா எதைக் கேட்டுண்டிருந்தாளாம் என்றார். அவர் சிரிக்கவில்லை. காலிச் சாக்கை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். என் பக்கம் குனிந்தார்.

"எனக்கும் தெரியும்னு சொல்லு கண்ணு."

காப்பி குடிக்காமல் போய்விட்டார். நான் மறுபடி உள்ளே போய், அவருக்கும் தெரியுமாம் என்றேன். அத்தை தலையை மட்டும் ஆட்டினாள். சரி, போய் விளையாடு என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. குறை இல்லை என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும் என்றால், என்னை எதற்கு அத்தனை சனிக்கிழமை உள்ளுக்கும் வெளிக்குமாக ஓடவிட்டார்கள்? மற்ற குழந்தைகளெல்லாம் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த நேரம் அது. இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று, அன்று முழுக்க நான் அத்தையோடு பேசவே இல்லை.