டெக்கீலா திறந்த மதியம்

புதுச்சேரியில் ஒரு ஓட்டல் பாரில் பதினோரு வருடமாகப் பார்டெண்டராக இருக்கிறேன். அக்காவைத் திண்டிவனத்தில் டைல்ஸ் கடைக்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். அவர் அவளை அடிப்பார் என்பது விழுப்புரத்தில் இருந்த அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தோம்.

அன்று அவர்கள் புது வீட்டைச் சர்ச்சிலிருந்து சாமியார் வந்து மந்திரித்த ஞாயிற்றுக்கிழமை. பிரியாணி சாப்பிட்டு எல்லோரும் கிளம்பிய பிறகு, கப்பலில் வேலை செய்யும் நண்பர் கொடுத்ததென்று மாமா ஒரு டெக்கீலா பாட்டிலை மேசையில் வைத்தார். அவருடைய அண்ணனும் உட்கார்ந்திருந்தார்.

"இத எப்படி அடிக்கணும், சொல்லு மச்சான்."

அவர் என்னிடம் கேட்டதே சந்தோஷமாக இருந்தது. முழுக்க நீலக் கற்றாழையில் செய்த நல்ல சரக்கு. ஐஸ் போட்டால் வாசனை செத்துவிடும். சின்ன கிளாஸில் ஒரு விரற்கடை ஊற்றி, முகர்ந்து பார்த்து, நாக்கில் கொஞ்ச நேரம் நிறுத்தி விழுங்க வேண்டும். முதலில் மிளகின் காரம் தெரியும், பிறகு லேசான இனிப்பு.

"உப்ப நக்கி எலுமிச்சையக் கடிக்கறதெல்லாம் மட்டமான சரக்குக்கு மாமா. இதுக்கு வேணாம்" என்றேன்.

"உப்பு இல்லாம என்னாத்த டெக்கீலா?"

அண்ணன் சிரித்தார். "தொழில் தெரிஞ்சவரு சொல்றாரு, கேட்டுக்கடா."

மாமாவின் முகம் மாறியது. "ஏய், உப்பும் பழமும் எடுத்துக்கினு வா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

அக்கா அவசரத்தில் தூளுப்புக்குப் பதிலாகக் கல்லுப்பைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். "இதையாடி நக்குவாங்க?" என்று தட்டைப் பிடுங்கி அவள் வாயிலேயே அடித்தார். உதடு கிழிந்தது. முடியைப் பிடித்து ஃப்ரிட்ஜில் மோதினார்.

நான் அவரைக் கீழே தள்ளி நெஞ்சில் ஏறி உட்கார்ந்தேன். மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. அப்புறமும் அடித்தேன். அடிக்க அடிக்கச் சுகமாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இது பொய். அண்ணன் ஸ்டூலால் என் முதுகில் போட்டார். வலிக்கவே இல்லை. பாட்டிலை ஓங்கினேன்.

"வுடுடா! செத்துடப் போறாரு!" அக்கா என் கையைப் பிடித்தாள். உதறித் தள்ளினேன். சுவரில் மோதி விழுந்தாள். பாட்டில் என் கையிலிருந்து நழுவி அவர் காதருகே தரையில் சிதறியது. அவரைப் பார்த்து மிரள்வது போலவே அவள் என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எழுந்தேன்.

இருவரையும் முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவருக்குத் தாடை உடைந்திருந்தது. அக்காவுக்கு உதட்டில் தையல்.

"ஒம்போது வருஷமா அடி வாங்கிக்கினு இருந்தேன். ஒருத்தரும் வந்து கேக்கல" என்றாள், தையல் போட்ட வாயோடு. "இன்னிக்கி நீயும் தள்ளி வுட்டுட்ட."

விசாரிக்க வந்த போலீஸிடம் அவர் செய்ததையும் நான் செய்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். இருவர் மேலும் வழக்கு. அம்மா கூப்பிட்டும் அவள் விழுப்புரத்துக்கு வரவில்லை. திண்டிவனத்திலேயே ஒரு அறை எடுத்து, துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

வாய்தாவுக்குப் போனபோது கோர்ட் வாசலில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"கேட்டுட்ட இல்ல, கெளம்பு. நானும் கடைக்குப் போவணும்" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனாள்.