டெல்மர் அறுத்த உத்திரம்

டெல்மர் உப்பனின் வைக்கோல் கொட்டகை சாலைப்பக்கமாகப் பதினொன்றரை அங்குலம் சாய்ந்திருந்தது. அளந்தவன் நான். எங்கள் கவுண்டியில், அதாவது எங்கள் மாவட்டத்தில், எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வீடுகளையும் பண்ணைக் கட்டடங்களையும் பதிவுசெய்யும் குழுவில், ஓய்வு பெற்றபின் சேர்ந்திருந்தேன். பரணிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, இருமுறை சரிபார்த்தே அளவைச் சொன்னேன்.

"போன வருஷம் பத்தே முக்கால்," என்றார் டெல்மர். அவர் ஆண்டுதோறும் பென்சிலால் குறித்துவந்த அளவுகள் சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்பது. சோளமும் சோயாவும் பயிரிட்டவர். லூத்தரன் தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்தியவர். ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் முப்பத்தோராண்டுகள் பணியாற்றியவர். கொட்டகை 1908இல் அவருடைய பாட்டனார் எழுப்பியது. ஓக் மரத் தூண்கள். இணைப்புகளில் ஆணிக்குப் பதிலாக மரமுளைகள். குதிரைக்கும் வைக்கோலுக்கும் கட்டிய அந்த இடத்தில், 1974ஆம் ஆண்டு டெல்மர் வாங்கிய அறுவடை இயந்திரம் முழுதாக நுழையவில்லை. வாசலைக் கடந்து, நடுவிலிருந்த குறுக்கு உத்திரத்தில் முட்டி நின்றது. வானம் கறுத்திருந்தது. டெல்மர் சங்கிலி ரம்பத்தை எடுத்து உத்திரத்தை அறுத்தெறிந்தார். இயந்திரம் நனையாமல் உள்ளே போயிற்று. அந்தப் பத்தாண்டில் எங்கள் பக்கத்து விவசாயிகள் பலரும் அதையே செய்தனர். எங்கள் பதிவேட்டில் மட்டும் அப்படி உத்திரம் அறுபட்ட கொட்டகைகள் இருபத்தாறு.

இரு சுவர்களையும் விலகாமல் பிடித்திருந்தது அந்த ஒரு மரமே என்பது அவருக்குப் பின்னரே விளங்கியது. இரும்பு வடம் கட்டி ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் இறுக்கினார். வடம் இறுகியது, சாய்வு குறையவில்லை.

"அன்னிக்கே சொன்னேன், மிஷின வெளிய நிறுத்தி ஒரு தார்ப்பாயப் போடுன்னு," என்றார் அவர் மனைவி ஆர்டிஸ், எனக்குக் காப்பி ஊற்றியபடி. "என் பேச்ச எப்பக் கேட்டிருக்க நீ?"

"கல்யாணத்தன்னிக்குக் கேட்டேனே. சரின்னு சொல்லல?"

"அது பாதிரியார் கேட்டதுக்குச் சொன்னது."

டெல்மர் சிரித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என்முன் வைத்தார். கொட்டகை சாலையில் விழக்கூடும். பனி விழுமுன் நிமிர்த்த வேண்டும், இல்லையேல் அகற்ற வேண்டும் என்று கவுண்டியின் சாலைப் பிரிவு எழுதியிருந்தது.

"உங்க லிஸ்ட்ல ஏறிட்டா யாரும் இத இடிக்கச் சொல்ல முடியாதுல்ல?"

"அது யாரையும் தடுக்காது டெல்மர். படமும் அளவும் இருக்கும், அவ்வளவுதான்."

"அப்ப எதுக்கு இவ்வளவு நேரம் அளந்தீங்க?"



அடுத்த வாரம் டெல்மர் பக்கத்துக் கவுண்டியிலிருந்து, இன்றும் பழைய முறையில் மரக் கொட்டகை கட்டும் அமிஷ் சமயத்தாரில் ஒரு தச்சரை வரவழைத்தார். அவர் சுவரைத் தாங்கிய அடிக்கட்டையில் பேனாக்கத்தியைக் குத்தினார், உளுத்த மரத்தில் பிடிவரை இறங்கியது. "நிமித்தலாம்," என்றார் தச்சர். "ஆனா நிமித்தினா மொத்தமும் கையோட வந்துடும்." வந்ததற்குக் கூலி வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் டெல்மரை மிகவும் கலங்க வைத்தது.

எங்கள் ஊரில் பயனற்ற கட்டடங்களைத் தீயணைப்புப் படைக்குக் கொடுத்துவிடுவது வழக்கம்; அவர்கள் பயிற்சிக்காகக் கொளுத்துவார்கள். படைத்தலைவர் கெய்ல் மெய்னர்ட்ஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"புல்டோசர் வச்சு மண்ணுக்குள்ள தள்ளுறதுக்குப் பதிலா, நம்ம ஆளுங்களுக்குப் பயிற்சியாவது ஆகட்டுமே. நீங்களே எத்தன வீட்டக் கொளுத்தியிருக்கீங்க!"

"பதினாலு," என்றார் டெல்மர். "அந்த வீட்டுக்காரங்க எங்க நின்னுக்கிட்டிருந்தாங்கன்னு நான் ஒருதரம்கூடத் திரும்பிப் பாத்ததில்ல, கெய்ல்" என்றார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குத் தீ வைத்தார்கள். அக்கம்பக்கத்தார் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு வந்திருந்தனர். தேவாலயப் பெண்கள் மடக்குமேசையில் பன்றியிறைச்சி வைத்த ரொட்டியும் ஆப்பிள் பை என்ற இனிப்பும் பரப்பியிருந்தனர். எவரும் முதலில் தொடவில்லை. வெப்பத்தில் அருகிலிருந்த டெல்மர் வீட்டின் மேற்குச் சுவர் பற்றிக்கொள்ளாதபடி அதை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பைக் கெய்ல் டெல்மரிடம் கொடுத்தார். மரியாதையாகத்தான் கொடுத்தார்.

டெல்மர் பழைய தீயணைப்பு மேலங்கியை அணிந்து, கொட்டகைக்கு முதுகைக் காட்டியவாறு சுவரில் நீரடித்தார். பின்னால் கூரை இறங்கியபோது கூட்டம் மொத்தமும் மூச்சை இழுத்தது, அவர் திரும்பவில்லை. பதினொன்றரைக்கு நெருப்பு இடுப்பளவுக்குத் தணிந்தது.

"போதும் டெல்மர், வீட்டுக்கு இனி ஆபத்தில்ல," என்றார் கெய்ல். "குழாய மூடிடலாம்."

"இன்னும் சூடா இருக்கு."

ஆர்டிஸ் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெள்ளைப் பலகைகளிலிருந்து குளிர்ந்த நீர் அவர் முழங்கைவரை வழிந்தது. "ஆமா, சூடாத்தான் இருக்கு," என்றார் கெய்லிடம். "அவர் அடிக்கட்டும்."