இருபத்தொரு நாளுக்கு ஒரு கத்தல்

திருத்தணி மலைக்குப் பின்பக்கம், ஏரிக்கரை ஓரம் எங்கள் வீடு. கல்யாணமாகி வரும்போது என் பெண்சாதி அவள் அம்மா வீட்டிலிருந்து ஒரு வெள்ளாட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள். கிடாக்குட்டிகளை விற்றுவிடுவோம். பெட்டைக்குட்டி ஒன்றை மட்டும் எப்போதும் வைத்துக்கொள்வோம். அப்படியே தாய், மகள், பேத்தி என்று அந்த வழி அறுபடாமல் வந்தது. எல்லாம் குள்ளமான கறுப்பு ஆடுகள். ஈற்றுக்கு இரண்டு குட்டி. ஒருமுறை மூன்றுகூடப் போட்டது. அன்றைக்கு ஆடிக்கிருத்திகை, காவடிக் கூட்டத்தில் பஸ்கூட நகரவில்லை. அது வேறு கதை.

பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்கிறவன் ஒருவன், பெண்சாதிக்குத் தம்பி முறை, வெளிநாட்டுக் கிடா வாங்கினான். வெள்ளை உடம்பு, செம்பட்டைத் தலை, கன்றுக்குட்டி அளவு.

"இன்னா பாவா, உங்க ஆடு இன்னும் பூனைக்குட்டியே போட்டுகினு கீது? என் கிடாவ ஒருவாட்டி சேத்துப் பாருங்க" என்று சிரித்தான்.

அப்போது எங்களிடம் இருந்த பெட்டை அதுவரை ஈன்றதில்லை. பெண்சாதி வேண்டாம் என்றாள். "அதும் இடுப்பு எவ்ளோ, அந்தக் கிடா தல எவ்ளோ? கண்ணு தெரீல உனுக்கு?"

அவள் அரக்கோணத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்த நாளில், ஆட்டை ஆட்டோவில் ஏற்றி அந்தக் கிடாவிடம் கொண்டுபோய்விட்டேன்.

சினை பிடித்தது. வெளிநாட்டுச் சினையாயிற்றே என்று மேயவிடாமல் கட்டிப்போட்டு, கடலைப் பிண்ணாக்கு ஊறவைத்துக் கொடுத்தேன். குட்டி வயிற்றிலேயே பெருத்துப்போனது. ஈனுகிற அன்று தலை வந்து மாட்டிக்கொண்டது. மாட்டு டாக்டர் வந்துகொண்டிருந்தார். நான்தான் பொறுக்கவில்லை, கையால் இழுத்தேன். ஆடு ஒரு சத்தம் போட்டது. குட்டி பிழைத்தது. தாய் போய்விட்டது.

அது பெட்டைக்குட்டி. பெண்சாதி புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். அந்த வழியில் மிச்சம் அது ஒன்றுதான். தாயைவிடப் பெரிதாக வளர்ந்து, பருவம் வந்ததும் முதன்முதலாகக் கிடாவுக்குக் கத்தியது. தாய் கடைசியாகப் போட்ட அதே சத்தம். இரண்டு நாள் பகல் முழுக்கக் கத்தும், ஓயும், இருபத்தொரு நாள் கழித்து மறுபடி கத்தும்; சினை பிடித்தால்தான் நிற்கும்.

பெண்சாதி பகலெல்லாம் கடலைக் கொல்லையில் களையெடுப்பாள். கத்துகிற நாட்களில் விடிவதற்குள் ஆட்டை வற்றிய ஏரிக்குள், ஊருக்குச் சத்தம் கேட்காத தூரத்தில் கட்டிவிடுவேன். சாயந்தரம் வந்து, "கத்திச்சா?" என்பாள்.

"எனுக்கு இன்னா கேக்குது" என்பேன். காது மந்தம் என்று ஊருக்கே தெரியும். நான்கு முறை அப்படிச் சொல்லிவிட்டேன்.

ஐந்தாம் முறை கால்வலி என்று அவள் வீட்டில் இருந்துவிட்டாள், ஆட்டை ஏரிக்கு ஓட்டிப்போக முடியவில்லை.

"தெரு முச்சூடும் கேக்குது, உனுக்கு மட்டும் கேக்கலியா? எங்கம்மா ஊட்டு ஆடு இத்தோட அத்துப்பூடணும்னு கீறியா?"

அவளே கயிற்றைப் பிடித்து, பக்கத்துத் தெருவில் இருந்த சின்ன நாட்டுக் கிடாவிடம் ஓட்டிப்போனாள். நான் கூடப் போகவில்லை.

இருபத்தோராம் நாள் காலையிலிருந்து கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆடு வாயைத் திறக்கவில்லை. படுத்து அசைபோட்டது. அகத்திக்கீரை கொண்டுவந்து போட்ட பெண்சாதி, "புடிச்சிகிச்சு" என்றாள். அவள் முகத்தில் ரொம்ப நாள் கழித்துச் சிரிப்பு. எனக்கோ அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆட்டின் வாயைப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

"ஈனும்போது நீ இங்க இருக்காத" என்றாள்.

"நான் கிட்ட வர்ல. வாசல்ல குந்திகினு கீறேன்."

"வாசல் கிட்டதான கீது. பொண்ணு ஊட்டுக்குப் பூடு."

கோபமில்லாமல்தான் சொன்னாள். என் கையை ஒருதரம் பார்த்தாள்.

"ஆங்" என்றேன்.