தலை அரிஞ்ச ஜெர்மன் நெல்லி

என்ரை அண்ணைக்குத் தெரியாதது உலகத்திலை ஒண்டுமில்லை. கார் பழுதெண்டாலும் அவர்தான், கலியாணப் பொருத்தம் எண்டாலும் அவர்தான், நான் வச்ச கறிக்கு உப்புக் காணாதெண்டு சொல்லுறதும் அவர்தான். என்னை ஜெர்மனிக்குக் கூப்பிட்டதும் அவர். அதை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை, என்னை மறக்க விட்டதுமில்லை.

நாங்கள் இருக்கிற ஹம் நகரத்திலை ரயில் பாதைக்குப் பக்கத்திலை எனக்கு ஒரு தோட்டத்துண்டு கிடைச்சுது. குத்தகை என்ரை பேரிலை. வீடு என்ரை மனுசன்ரை பேரிலை, கார் மகன்ரை பேரிலை, வேலை செய்யிற முதியோர் இல்லத்திலை ஆர் ஆரோ சொல்லுறதைத்தான் நான் செய்யோணும். நான் சொன்னபடி நடக்கிற இடம் அந்தத் துண்டு நிலம் மட்டும்தான். அதுக்குள்ளையும் வந்து ஒருத்தர் எனக்குப் புத்தி சொல்ல நான் விடமாட்டன் எண்டு இருந்தன்.

அங்கை நடைபாதைக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்டாகெல்பேர மரம் நட்டன். எங்கடை சனம் ஜெர்மன் நெல்லி எண்டு சொல்லும். நெல்லிக்கும் அதுக்கும் ஒரு சொந்தமுமில்லை. வழமையா அது நிலத்தோடை கிடக்கிற முள்ளுப் பத்தை. நான் வாங்கினது மரமா வளர்த்தது: ஒத்தைத் தண்டு, நெஞ்சளவு உயரம், உச்சியிலை குடை மாதிரித் தலை. தண்டு வேறை சாதி, முள்ளில்லாதது. அதின்ரை உச்சியிலை நெல்லியை ஒட்டியிருப்பினம். ஒட்டின இடத்திலை ஒரு முண்டு தெரியும். கட்டை ஊண்டி, அந்த முண்டுக்கு மேலையும் சேர்த்துக் கட்டோணும், இல்லாட்டிக் காய் பிடிச்ச நேரம் காத்தடிச்சா அதிலைதான் முறியும். தண்டிலை வாற துளிரெல்லாத்தையும் கிள்ளிப்போடோணும். மாசியிலை பழைய கொப்பையும் உள்ளுக்கு வளருறதையும் வெட்டி, நடுவிலை கை போய் வாற மாதிரி விடோணும். முதல் ரெண்டு வருஷமும் என்ரை கையிலை கீறாத இடமில்லை. மூண்டாம் வருஷம் காய்ச்சுது பாருங்கோ! உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் திண்டாப் பல்லுக் கூசும், ஆனா நிப்பாட்ட ஏலாது.

அடுத்த மாசியிலை ஒருநாள் எனக்குக் காலைவேலை. அண்ணையிட்டைத் தோட்டத்துப் பூட்டின்ரை திறப்பு ஒண்டு இருந்தது. அவசரத்துக்கு உதவும் எண்டு மனுசன் குடுத்தது. வேலை முடிஞ்சு போய்ப் பாக்கிறன், ரெண்டு மரத்துக்கும் தலை இல்லை. ரெண்டு மொட்டைத் தடி நிக்குது. அண்ணை கைவாளைத் துடைச்சுக்கொண்டு சிரிக்கிறார்.

"என்ன வேலையண்ணை செய்து வச்சிருக்கிறியள்?"

"முருங்கையை ஒடிச்சு வளர், பிள்ளையை அடிச்சு வளர் எண்டு கேள்விப்படேல்லையே? கழுத்திலை கழலை மாதிரி வருத்தம் பிடிச்சுக் கிடந்தது. அதுக்குக் கீழை அரிஞ்சு விட்டனான். இனிப் பார், சடைச்சுக்கொண்டு வரும்."

வருத்தமாம், கழலையாம்! ஊரிலை ஒட்டு மாங்கண்டு நட்ட ஆள் அவர். அங்கை ஒட்டு நிலத்துக்குக் கிட்டக் கிடக்கும், இங்கை நெஞ்சுக்கு நேரை நிக்குது, அவ்வளவுதான். ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன். தங்கச்சியிட்டைக் கேட்டா அவர் குறைஞ்சு போயிடுவாரே! நான் கத்தின கத்திலை பக்கத்துத் தோட்டத்து ஜெர்மன் மனுசி வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்தா. "ரெண்டு தடிக்கே இந்தக் குதி குதிக்கிறாய்?" எண்டிட்டு அண்ணை போயிட்டார். "விடப்பா, அண்ணைதானே" எண்டார் என்ரை மனுசன். அண்ணைதானே, அண்ணைதானே எண்டு சொல்லித்தான் எல்லாருமாச் சேர்ந்து அவரை இந்தளவுக்குக் கொண்டுவந்து விட்டவை.

சித்திரையிலை தண்டு முழுக்கத் துளிர்த்துது. அண்ணைக்குக் கால் நிலத்திலை படேல்லை. ஆனியிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தோட்டத்திலை கிரில் போட்டுக்கொண்டு நிக்க, கேளாமல் கொள்ளாமல் தன்ரை சிநேகிதர் கொஞ்சப்பேரைக் கூட்டிக்கொண்டு வந்திட்டார்.

"அண்டைக்கு இவள் ஒப்பாரி வச்சவள். இப்ப எப்பிடிச் சடைச்சிருக்கு எண்டு பாருங்கோ."

நான் இறைச்சித் தட்டை வச்சிட்டு வந்தன். "அண்ணை, அந்தக் கொப்பை ஒருக்காப் பொத்திப் பிடியுங்கோ."

பிடிச்சார்.

"முள்ளுக் குத்துதே?"

"இல்லை."

"ஸ்டாகெல்பேரயிலை முள்ளில்லாமல் எங்கையும் கண்டிருக்கிறியளே? நெல்லி நீங்கள் அரிஞ்ச அண்டைக்கே செத்துப்போச்சு. நீங்கள் ஆள் கூட்டிக்கொண்டு வந்து காட்டுறது அடித்தண்டின்ரை துளிரை. அதிலை இனிச் சென்மத்துக்கும் நெல்லி காய்க்காது."

ஒருத்தர் சிரிப்பை அடக்க ஏலாமல் இருமினார். அண்ணைக்கு முகம் கறுத்துது. பிறகு எல்லாருக்கும் கேக்கச் சொன்னார்: "நான் கூப்பிட்டிராட்டி நீ எங்கை கிடந்திருப்பாயோ தெரியாது. நீ எனக்குப் படிப்பிக்கிறியோ?"

"கூப்பிட்டனீங்கள்தான், ஆர் இல்லையெண்டது? அதுக்கு வருஷக்கணக்கா உங்கடை வீட்டிலை சமைச்சன், உங்கடை பிள்ளையளையும் வளர்த்து விட்டன். இப்ப திறப்பைத் தாங்கோ."

கையை நீட்டிக்கொண்டு நிண்டன். மனுசன் பின்னாலை நிண்டு கூப்பிட்டார், நான் திரும்பேல்லை. அண்ணை திறப்பைக் கழட்டி, என்ரை கையிலை வைக்காமல் மேசையிலை எறிஞ்சார். நான் எடுத்துச் சட்டைப் பைக்குள்ளை போட்டன்.

அதுக்குப் பிறகு அவர் எங்கடை வாசல் மிதிக்கேல்லை. "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுமன்" எண்டு அண்ணி ஃபோன் எடுத்தா. நான் ஏன் கேக்கோணும்? ஐப்பசியிலை அவையின்ரை மூத்த மகளுக்குக் கலியாணம். நான் தலை இழுத்துப் பின்னிவிட்டு, கையிலை பிடிச்சுப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போன பிள்ளை. எங்களுக்குக் கலியாணக் காட் வரேல்லை. கலியாணத்தண்டு விடியத் தோட்டத்துக்குப் போய், அந்த ரெண்டு தண்டையும் வேரோடை கிளப்பி எறிஞ்சிட்டு, புதுசா ரெண்டு ஜெர்மன் நெல்லி நட்டன். மண்ணை மிதிச்சு இறுக்கேக்கை தாலி கட்டுற நேரமாயிருக்கும். அழுகை வந்திட்டுது. அழுதுகொண்டே மிதிச்சன்.