வாயால் கேட்டால்தான் தண்ணீர்

இன்று தெருவில் மாரித்தாயைப் பொறுமைசாலி என்கிறார்கள். கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அந்தப் பொறுமை அவளுக்கு எப்படி வந்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் பெண்களில் அவளைப் போல் கெட்டிக்காரி கிடையாது. ஒரே ஆளாக நாலு தறி பார்ப்பாள். பதினோரு வருடமாக நான் அவளுக்குப் பக்கத்துத் தறி. தறிச் சத்தத்தில் கூடத்துக்குள் காதருகே கத்தினாலும் கேட்காது. அதனால் எங்களுக்கு எல்லாமே கைதான். இழை அறுந்தால் இரண்டு விரல், முதலாளி வந்தால் மீசை முறுக்கு, தண்ணீர் வேண்டுமென்றால் உதட்டருகே கட்டைவிரல். ஊர்வம்பு முழுவதையும் கையாலேயே பேசித் தீர்த்துவிடுவோம். அதில் மாரித்தாய்தான் பெரிய வாயாடி.

அவளுடைய ஒரே மகள் கோகிலா. எட்டு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை, பேச்சு வரவில்லை. தாகம் எடுத்தால் அம்மாவின் கையை இழுத்துக் கொண்டுபோய்க் குடத்தின் மேல் வைப்பாள். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் சிறப்பாசிரியர் அனுராதா டீச்சர், தண்ணீர், சோறு, வலி, வேண்டாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பட அட்டை காட்டினார். வேண்டியதை எடுத்துக் கையில் கொடுக்கட்டும், அதுவே அவளுக்குப் பேச்சு என்றார்.

மாரித்தாய் ஒத்துக்கொள்ளவில்லை. "அட்டையக் காட்டிப் பழகிட்டா அவ வாயத் தெறக்கவே மாட்டா டீச்சர்."

"அட்டையால பேச்சு நின்னுபோன பிள்ளைய நான் பாத்ததில்லம்மா. பேச்சு வரட்டும், சந்தோஷம். அதுவரைக்கும் அவ எப்படிக் கேப்பா?"

மாரித்தாய்க்கு வீம்பு ஏறிவிட்டது. சித்திரை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கோமதி அம்மன் சன்னதியில் நேர்ந்துகொண்டாள். கோகிலா வாய் திறந்து 'தண்ணி' என்று கேட்கும்வரை பிள்ளைக்கும் தண்ணீர் கிடையாது, தனக்கும் கிடையாது. தடுக்க வீட்டில் ஆள் இல்லை. புருஷன் சுடலைராஜ் புளியங்குடியில் எலுமிச்சை லோடு ஏற்றிக்கொண்டு லாரியோடு வெளியூர் போயிருந்தான்.

சனிக்கிழமை மதியம் அவள் பிள்ளையோடு வேலைக்கு வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. கோகிலாவின் உதடு வெடித்திருந்தது. இரவு சோற்றையும் தொடவில்லையாம். டம்ளரை உதட்டருகே கொண்டுபோய், 'தண்ணி சொல்லு' என்று கேட்டுக் கேட்டு, வாய் திறக்காததால் திரும்பத் திரும்ப எடுத்துவிட்டாளாம் அம்மா.

"பைத்தியமா ஏட்டி உனக்கு?"

"கொஞ்ச நேரம் பொறுங்க சுந்தரியக்கா. காலையில வாயக் குவிச்சா. இன்னா வந்துரும்."

அப்போதே ஒரு டம்ளர் தண்ணீரை நான் கொடுத்திருக்க வேண்டும். அடுத்த வீட்டு நேர்ச்சை, அம்மன் காரியம் என்று தயங்கிவிட்டேன். அந்தத் தயக்கத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிள்ளையை நூல் மூட்டை அறையில் உட்கார வைத்துவிட்டுத் தறிகளை ஓட்டினோம். என் கண் அந்த அறைக் கதவிலேயே இருந்தது. இரண்டரை மணி இருக்கும். மாரித்தாய் என் பக்கம் திரும்பி, கட்டைவிரலை உதட்டருகே கொண்டுபோனாள். நேர்ந்துகொண்டது அவளுக்கு மறந்தே போயிருந்தது. தாகம் கையை இழுத்துவிட்டது.

டம்ளரை எடுத்தேன். ஆனால் கொடுக்கவில்லை. என் வாயைத் தொட்டுக் காட்டினேன். வாயால் கேள்.

விளையாடுகிறேன் என்று நினைத்தாள். மறுபடி விரலைக் காட்டினாள். மறுபடி நான் வாயைத் தொட்டேன். கோபம் வந்து அவள் கத்தினாள். உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. கேட்கவில்லை என்று காதைக் காட்டினேன். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். நாலடி தூரத்தில் நிற்கிற எனக்கு ஒரு எழுத்துகூட வந்து சேரவில்லை. அப்போதும் டம்ளரை நீட்டவில்லை.

அவள் தன் விரலைப் பார்த்தாள். பிறகு நாலு தறியையும் நிறுத்திவிட்டு, என் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு மூட்டை அறைக்கு ஓடினாள், பின்னாலேயே நானும்.

கோகிலா மூட்டைகளுக்கு நடுவில் சரிந்து கிடந்தாள். கண் பாதி மூடியிருந்தது. மாரித்தாய் டம்ளரை உதட்டில் வைத்தாள். "குடி மக்கா. ஒண்ணும் சொல்லாண்டாம், குடி." பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியது. அம்மா கையில் தண்ணீர் இருந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று ஒரு நாள் முழுக்கப் படித்த பிள்ளை அல்லவா?

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனா?" என்று டாக்டர் கேட்டார்.

"நேத்து சாயங்காலம்," என்றாள் மாரித்தாய்.

"தண்ணி எப்ப குடிச்சா?"

நேர்ச்சை விஷயத்தை நான்தான் சொன்னேன். டாக்டர் திட்டிய திட்டை எழுத முடியாது. குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

சாயங்காலம் பிள்ளை கண்ணைத் திறந்தது. இனி வாயால் குடித்தாக வேண்டும் என்றார் டாக்டர். மாரித்தாய் ஆறு தடவை கொடுத்துப் பார்த்தாள். ஆறு தடவையும் உதடு பூட்டிக்கொண்டது. நான் போன் செய்ததும் அனுராதா டீச்சர் வந்தார். 'தண்ணீர்' அட்டையையும் 'வேண்டாம்' அட்டையையும் படுக்கையில் வைத்து, யாரும் பேசாதீர்கள் என்றார்.

கோகிலா வெகுநேரம் பார்த்தாள். தண்ணீர் அட்டையை எடுத்தாள். மாரித்தாய் இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளையின் கை அந்தக் கைகளைத் தாண்டி வந்து, அட்டையை என் உள்ளங்கையில் வைத்தது.

டம்ளரைக் கொண்டுபோனேன். உதடுவரை வந்தது. அம்மா நிற்பதைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது.

"நான் வெளிய நிக்கேன் அக்கா. நீங்க குடுங்க," என்று மாரித்தாய் எழுந்து போனாள்.

அவள் போன பிறகுதான் பிள்ளை குடித்தது. முதல் டம்ளர் பாதியில் இருக்கும்போது, "குடிக்காளா?" என்று வெளியிலிருந்து குரல் கேட்டது. கோகிலா உடனே நிறுத்திவிட்டாள். அதன்பின் வெளியே சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மீதியைக் குடித்தாள். மறுபடியும் அட்டையைக் கொடுத்தாள்.

மூன்றாவது டம்ளருக்குத் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தேன். மாரித்தாய் சுவரோடு ஒட்டி, இரண்டு கையாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டு நின்றாள்.