இறங்காமல் நின்ற டிப்பர் பெட்டி

எங்கள் டிராக்டர் பழையது. அதில் கியருக்கும், பின்னால் மாட்டும் டிப்பர் பெட்டியைத் தூக்குகிற ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். கியர் தேய்ந்து உதிரும் இரும்புத்தூள் அந்த எண்ணெயில் கலந்து பம்பை அரித்துவிடும். இரண்டு முறை பம்பைப் பிரித்து வேலை பார்த்தாகிவிட்டது. மூன்றாவது முறை வேண்டாம், டிப்பர் இறங்கும்போது எண்ணெய் திரும்பி வருகிற குழாயில் ஒரு ஃபில்டர் வைத்துவிடலாம் என்றார் மாப்பிள்ளை. என் ஒரே மகளின் கணவர். எட்டு வருடம் கல்ஃபில் பெரிய இயந்திரங்களோடு இருந்துவிட்டு வந்தவர். இப்போது எங்களோடு இருந்து நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

புதுக்கோட்டையில் ஃபில்டர் வாங்கி வந்த நாள் வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு வரும் எந்தப் புதுச் சாமானுக்கும் என் மனைவி சந்தனமும் குங்குமமும் வைக்காமல் விடமாட்டாள். இதற்கும் வைத்தாள், தாராளமாகவே. எண்ணெய் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டும் அம்புக்குறி அந்தச் சந்தனத்துக்கு அடியில் போய்விட்டது. சாமிக்கு முன்னால் வைத்த பொட்டை எங்கள் வீட்டில் யாரும் துடைக்க மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அம்பு தெரியாமல் ஃபில்டரைத் திசை மாற்றி மாட்டிவிட்டார். நான் பக்கத்தில் நின்று போல்ட்டுகளை எண்ணினேன். நான்கும் இருந்தன.

திங்கட்கிழமை கண்மாய் வண்டல் ஏற்றி வந்து கொல்லையில் தட்டினார். பெட்டி ஒழுங்காகத்தான் மேலே போனது. மண் சரிந்து விழுந்தது. இறக்குவதற்கு லீவரைத் தள்ளியதும் பெட்டி ஒரு சாண் இறங்கி நின்றுகொண்டது. ஃபில்டரின் விளிம்பில் எண்ணெய் கசிந்தது. அவர் லீவரை நடுவில் வைத்து எஞ்சினை நிறுத்தினார். அந்த இரும்புப் பெட்டியை அப்போது தாங்கிக்கொண்டிருந்தது, அதைத் தூக்கும் ஜாக்கிக்குள் அடைபட்டிருந்த எண்ணெய் மட்டும்தான்.

ஜாக்கிக்குப் போகும் ஹோஸ் அடைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை ஸ்பேனரோடு பெட்டிக்கு அடியில் நுழைந்தார்.

"மாப்பிள்ளை, முட்டுக் கொடுத்துட்டுப் போங்களேன்" என்றேன்.

"ரெண்டு திருகுதான் மாமா. நீங்க எண்ணி முடிக்கிறதுக்குள்ள வந்துருவேன்."

அவர் என் மகனாக இருந்தால் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பேன். மாப்பிள்ளையை எப்படி இழுப்பது? முன்பொரு தீபாவளிக்கு நான் வாய் தவறிச் சொன்ன ஒரு சொல்லுக்காக நான்கு மாதம் எங்கள் வாசலை மிதிக்காதவர் அவர். என் மனைவியும் அவர் எதிரில் குரல் உயர்த்த மாட்டாள். என் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஏதாவது சொல்லுங்களேன்" என்று என்னிடமே முணுமுணுத்தாள்.

அந்த ஹோஸ் நட்டு கழன்றால் எண்ணெய் பீறிடும், பெட்டி இறங்கும், அவர் நெஞ்சுயரத்தில் பெட்டி வந்து உட்காரும் அடிச்சட்டம், சேஸிஸ், இருக்கிறது. மகள் அந்நேரம் அரிமளத்தில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பாள். அவளுக்குப் போன் போட்டு எதை முதலில் சொல்வது என்று என் மூளை வாக்கியம் அமைக்கத் தொடங்கியது. நான் அதைத் தடுத்தும் அது நிற்கவில்லை.

குனிந்து நானும் உள்ளே போனேன்.

ஈர வண்டல் வாடை மூக்கில் ஏறியது. மாப்பிள்ளை ஸ்பேனரை நட்டில் மாட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"என்ன மாமா இது? வெளிய போங்க."

"நீங்க வந்தா நானும் வாரேன்."

"வெளையாடாதீங்க மாமா."

"வெளையாடல. எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது. சீக்கிரம் வாங்க."

மேலே இருந்து ஏதோ என் பிடரியில் விழுந்தது. ஒரு மண்கட்டிதான். பெட்டியே வந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். மாமனாரை அடியில் வைத்துக்கொண்டு எந்த மாப்பிள்ளையும் அந்த நட்டைத் திருக முடியாது. அவர் ஸ்பேனரைத் தூக்கி வெளியே எறிந்தார். பிறகு என் அக்குளில் கை கொடுத்து என்னை இழுத்துக்கொண்டு வந்தார்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வேலி ஓரம் கிடந்த இரண்டு பனங்கட்டைகளைக் கொண்டுவந்து, சேஸிஸுக்கும் பெட்டிக்கும் நடுவில் நெட்டுக்குத்தாக நிறுத்தினார். சக்கரத்துக்கு வெளியே நின்று கையை மட்டும் நீட்டி நட்டைத் தளர்த்தினார். எண்ணெய் பீறிட்டது. பெட்டி ஒரே குலுக்கில் கட்டைகளின் மேல் இறங்கியது. ஒரு கட்டை நெடுகப் பிளந்தது. மற்றது தாங்கியது. என் மனைவி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை பிளந்த கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகுதான் ஃபில்டரைக் கழற்றினோம். கசிந்த எண்ணெயைத் துடைத்தபோது சந்தனமும் சேர்ந்து வந்தது, அம்பு தெரிந்தது. திருப்பி மாட்டி, ஹோஸை முடுக்கி, பெட்டியைக் கொஞ்சம் தூக்கிக் கட்டைகளை எடுத்ததும் அது சாதுவாகக் கீழே வந்து உட்கார்ந்தது.

மூன்று நாள் அவர் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமா சின்னப்பிள்ளை மாதிரி பண்ணுகிறார் என்று மகளிடம் புகார் சொல்லியிருக்கிறார். அவள் என்னைத் திட்டினாள். கேட்டுக்கொண்டேன். நான்காம் நாள் டிராக்டரை எடுக்கும் முன் வாசலில் நின்று, "மாமா, இன்னிக்கு வண்டல் அடிக்கிறேன். நீங்க வீட்லயே இருங்க" என்றார்.

சரி என்றேன். வீட்டுக்குள்தான் இருந்தேன். பெட்டி ஏறும் சத்தம் கேட்டது. அது முழுக்க இறங்கும்வரை கையிலிருந்த காப்பியை நான் குடிக்கவில்லை.